கறிவேப்பிலைத் தொட்டியில் வண்ணத்துப்பூச்சி: புதிதாக வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எதிர்வீட்டுச் சிறுமி ஒரு ஊறுகாய் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே கறிவேப்பிலைக் கொத்து. அதில் காக்கை எச்சம் போல ஒரு புழு அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. "செத்துப்போச்சா அத்தை?" என்று கேட்டபோது அவள் கண் கலங்கியிருந்தது. சாகவில்லை, சட்டை உரிக்கக் காத்திருந்தது. முதன்முதலில் வளர்த்தபோது அப்படி அசையாமல் கிடந்த ஒன்றை நான் இலையிலிருந்து பிய்த்து எடுத்துவிட்டேன். அது பிழைக்கவில்லை.

மூடிய பாட்டிலில் வியர்க்க விடாதீர்கள், தினமும் புழுக்கையைத் துடையுங்கள் என்பதெல்லாம் யாரும் சொல்வார்கள். நான் சொல்லப்போவது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியை வளர்க்கும்போது திரும்பத் திரும்பப் பார்க்கிற சில தவறுகளை. எலுமிச்சை, நாரத்தை, வில்வம், கறிவேப்பிலை ஆகியவற்றின் கொழுந்தில் வெளிர்மஞ்சள் முட்டையை ஒவ்வொன்றாக இட்டுவிட்டுப் போகுமே, அதுதான். அழகிகள் என்கிற இதே குடும்பத்து வண்ணத்துப்பூச்சிகள் பலவற்றுக்கு இருக்கும் வால் இதன் இறக்கையில் இருக்காது.

அசையாத புழுவைத் தொடுவது

தொடாதீர்கள். ஒரு நாள் பொறுங்கள்.

வேப்பெண்ணெய் "இயற்கைதானே" என்று நினைப்பது

இதைச் சொல்லும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. என் மாடித் தோட்டத்துக் கறிவேப்பிலையில் அசுவினி வந்தது. ரசாயனம் வேண்டாம் என்று வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து அடித்தேன். நான்கு நாள் கழித்து, தோழி வீட்டு எலுமிச்சை மரத்திலிருந்து ஒன்பது புழுக்களைக் கொண்டுவந்து அதே செடியில் விட்டேன். சாகும் அறிகுறி எதுவும் இல்லை. கொஞ்சம் குறைவாகத் தின்றன, அவ்வளவுதான்.

புழுவின் தோல் உடம்போடு சேர்ந்து வளராது. முட்டையிலிருந்து வந்தபின் நான்கு முறை சட்டை உரித்துத்தான் அது பெரிதாகிறது. ஐந்தாவது முறை உரிக்கும்போது கூட்டுப்புழு. இந்த உரிதலை நடத்துவது உடம்பில் சுரக்கும் ஒரு ஹார்மோன். வேம்பிலுள்ள அசாடிராக்டின் அந்தச் சுரப்பைக் குலைக்கிறது, தின்னும் ஆசையையும் குறைக்கிறது. பயிர்ப்புழுவுக்கு எதிராக விவசாயிகள் அதை நம்புவதே இதனால்தான். நம் செல்லப் புழுவுக்கு மட்டும் அது எப்படி மருந்தாகும்?

எச்ச நிறத்திலிருந்து பச்சைக்கு மாற வேண்டிய கட்டத்தில் என்னுடைய ஒன்பதும் நின்றுவிட்டன. பழைய தோல் பாதி உரிந்து வால்பக்கம் சுருண்டு கிடந்தது. சிலவற்றுக்குத் தலையின் பழைய ஓடு கழலவே இல்லை. ஈரப் பஞ்சால் தடவிப் பார்த்தேன். ஒரு வாரத்துக்குள் ஒன்பதும் போயின. என்ன ஆயிற்று என்று புரியவே எனக்கு இன்னொரு தொகுதிப் புழுக்கள் தேவைப்பட்டன.

இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் "ஆர்கானிக்தானே?" என்ற பதில்தான் வருகிறது. வேப்பங்கொட்டைக் கரைசலும் அப்படித்தான். வேரில் ஊற்றினால்கூட ஓரளவு இலைக்கு ஏறும். பூச்சிக்கென்று ஒரு செடியை ஒதுக்கிவிடுங்கள், அதில் எதையும் அடிக்காதீர்கள். அசுவினியைத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினாலே போதும். ஏற்கெனவே அடித்துவிட்டீர்களா? சரி, கிளையைக் கவாத்து செய்துவிட்டு, அதன்பின் துளிர்க்கும் புதுக் கொழுந்துக்குக் காத்திருங்கள். புழு எவ்வளவு பசியோடு இருந்தாலும் பழைய இலையைப் போடாதீர்கள்.

கடைக் கறிவேப்பிலை

வேண்டாம். உள்ளே ஏறிய பூச்சிமருந்து கழுவினால் போகாது.

சிவப்புக் கொம்பைப் பார்த்துப் பயப்படுவது

சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவையாக ஒன்று நீட்டும். எலுமிச்சை வாடையும் வரும். எறும்பையும் சிறு எதிரிகளையும் விரட்டத்தான் அது. உங்களை ஒன்றும் செய்யாது. வேடிக்கைக்காகத் திரும்பத் திரும்பச் சீண்டுவதுதான் தவறு.

கறுத்த கூட்டை எறிவது

முழுதாக வளர்ந்த பச்சைப் புழு ஒருநாள் தண்ணீராகக் கழிந்துவிட்டுத் தீனியை விட்டு அலையும். வயிற்றுப்போக்கு என்று பயந்து மருந்து தேடாதீர்கள். கூடு கட்ட இடம் பார்க்கிறது. வால்நுனியை ஒட்டி, நடுவில் ஒரு பட்டு இழையால் தன்னைக் கட்டிக்கொண்டு, தலை மேலே இருக்கும்படி நிற்கும். கூடு பச்சையாகவும் இருக்கலாம், பழுப்பாகவும் இருக்கலாம். அது பெரும்பாலும் ஒட்டிய இடத்தைப் பொறுத்தது.

ஒரு வாரம், பத்து நாள் போனதும் கூடு கறுக்கும். அழுகிவிட்டது என்று நினைத்து அந்த நேரத்தில்தான் பலர் குப்பையில் போடுகிறார்கள். வெளிச்சத்தில் பிடிக்காமல் அருகில் போய்ப் பாருங்கள், மெல்லிய ஓட்டின் வழியாக இறக்கையின் மஞ்சள் புள்ளிகள் தெரியும். பெரும்பாலும் மறுநாள் காலையில் வெளியே வரும்.

வழவழப்பான டப்பா

பிளாஸ்டிக் சுவரில் ஏற முடியாமல் கீழே விழும் பூச்சியின் இறக்கை மடிந்தபடியே காய்ந்துவிடும், பிறகு விரியாது. அதனால் கூட்டின் பக்கத்தில் ஒரு சொரசொரப்பான குச்சியோ காடாத் துணியோ இருக்க வேண்டும். தொங்கியபடி இறக்கையை விரிக்க ஒரு சாண் வெற்றிடமும் வேண்டும். கூடு கழன்று விழுந்திருந்தால் துணியை ஒட்டிக் கிடத்துங்கள், வெளியே வந்ததும் அதைப் பிடித்து ஏறிக்கொள்ளும்.

எதிர்வீட்டுச் சிறுமியின் பாட்டிலை அன்றே மாற்றிவிட்டோம். ஒரு பழைய கூடையில் கொசுவலை கட்டி, தொட்டிச் செடியின் மேலேயே கவிழ்த்திருக்கிறாள். நேற்று மாலை அந்தப் புழு பச்சையாகிவிட்டது.