பி.எஸ்.கே.31: அவத்தை புரளும் இடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பி.எஸ்.கே.31 என்பது கணினியில் தட்டச்சு செய்வதை, அலையின் அவத்தையை (phase) புரட்டி அமெச்சூர் ரேடியோவில் அனுப்பும் முறை. மாலையில் 14.070 மெகாஹேர்ட்ஸுக்குப் போய், சிக்னல்களைக் கீழிறங்கும் கோடுகளாகக் காட்டும் வோட்டர்ஃபோல் திரையைப் பாருங்கள். சில சிக்னல்கள் நூல் பிடித்தாற்போல இறங்கும். சில இருபக்கமும் கிளைவிட்டு, பக்கத்தில் மெலிதாகக் கேட்கும் நிலையத்தையும் மூடிவிடும். அவத்தை 180 பாகை புரளும் கணத்தில் வீச்சம் (அலையின் உயரம்) பூச்சியத்துக்கு இறங்கியிருந்ததா என்பதில்தான் இந்த வித்தியாசம் தங்கியிருக்கிறது.

இந்த முறையில் ஒரு பிட் 32 மில்லிசெக்கன். 0 வந்தால் அவத்தை புரளும், 1 வந்தால் புரளாது. ஒன்றும் தட்டச்சு செய்யாத ஐடில் நிலையில் ஒவ்வொரு பிட்டிலும் புரளும். வீச்சத்தைக் கோசைன் வடிவில் இறக்கி ஏற்றினால், மையத்தின் இருபுறமும் 15.6 ஹேர்ட்ஸில் இரண்டே கோடுகள்தான் தெரியும். சடாரென்று புரட்டினால் 46.9 ஹேர்ட்ஸில் 9.5 டெசிபெல் மட்டுமே குறைந்த கோடு, 78இல் 14 டெசிபெல் குறைந்த கோடு என்று அது நீண்டுகொண்டே போகும்.

சொந்தமாக நிரல் எழுதுபவர்கள் வீச்சத்தை ஒரு கணக்கிலும் அவத்தையை இன்னொரு கணக்கிலும் மாற்றி, இரண்டும் சில மாதிரிகள் (samples) விலகி நிற்க விட்டுவிடுகிறார்கள். தனித்தனியே மாற்றவே தேவையில்லை. பிட்டின் நடுவிலிருந்து அடுத்த பிட்டின் நடுவரை அலையைப் பெருக்கும் எண்ணை +1இலிருந்து −1க்கு அரைக் கோசைனாகக் கொண்டுபோனால், புரளலும் பூச்சியமும் தாமாகவே ஒரே இடத்தில் விழும். செக்கனுக்கு 48,000 மாதிரி என்றால் இதற்கு 1,536 மாதிரிகள். பிட் 1 வரும்போது வீச்சத்தைத் தொடவே கூடாது. அலையை உருவாக்கும் எஸ்.ஐ.5351 சிப்பை நேரே ஆண்டெனாவுக்கு ஓட்டுவதும் இங்கே சரிவராது. அதன் வெளியீடு மாறா வீச்சமுள்ள சதுர அலை. வீச்சம் மாறாத எஃப்.டி.8 முறைக்கு மாறா வீச்சம் போதும்.

பழகிய மென்பொருள்கள் இதையெல்லாம் சரியாகவே செய்கின்றன. அதற்குப் பிறகு நாம்தான் கெடுக்கிறோம். 100 வொட் ரேடியோவில் மீட்டர் 50 காட்டினால் “பவர் போதவில்லை” என்று கணினியின் ஒலியளவைக் கூட்டுவதுதான் மிகப் பெரிய தவறு. ஐடிலில் சராசரி பவர் உச்சத்தின் பாதிதான், ஆகவே 50 காட்டும்போதே உச்சம் 100ஐத் தொட்டுவிட்டது. அதற்கு மேல் கூட்டினால், பவர் எல்லை மீறாமல் தானாகக் குறைக்கும் ஏ.எல்.சி. சுற்று அலையின் தலையை அமுக்கும், பள்ளத்தின் வடிவம் போய்விடும்.

சோதிக்க எளிய வழி உண்டு. பேச்சொலியை அமுக்கிச் சமப்படுத்தும் ஸ்பீச் கொம்ப்ரெஸரை நிறுத்துங்கள். ‘டியூன்’ தொனியை அனுப்பி, ஏ.எல்.சி. முள் அசையாத அளவில் 40 வொட் வையுங்கள். பிறகு ஐடிலுக்கு மாறுங்கள். மீட்டரின் வகையைப் பொறுத்து 16 முதல் 20 வொட் வரவேண்டும். 28 என்று நின்றால் கணினியிலிருந்து ஆண்டெனா வரையான சங்கிலியில் எங்கோ அலை தட்டையாகிறது. உச்சம் காட்டும் மீட்டரில் இந்தச் சோதனை பலிக்காது, அது 40ஐயே காட்டும்.

லைன் வெளியீட்டை நேரே மைக் சொக்கெட்டில் செருகினாலும் இதே கோளாறுதான். தொடரில் 10 கிலோ ஓம், மைக்குக் குறுக்கே 100 ஓம் தடையி வைத்தால் 40 டெசிபெல் குறையும். இடையில் 600 ஓம் 1:1 நிலைமாற்றி வைத்தால் எர்த் வழியே வரும் 50 ஹேர்ட்ஸ் ஹம்மும் அறுபடும். புறக்கோட்டையில் தேடிக் கிடைக்காவிட்டால் பழைய டயல்-அப் மோடத்தைப் பிரித்துப் பாருங்கள், பெரும்பாலும் உள்ளே ஒன்று இருக்கும்.

தொனியை 1,500 ஹேர்ட்ஸுக்கு மேலே வையுங்கள். 500இல் வைத்தால் அதன் மடங்குகளான 1,000, 1,500, 2,000 எல்லாம் ஃபில்டருக்குள் புகுந்து வெளியே போகும். 1,600இன் இரண்டாம் மடங்கு 3,200, அது ஃபில்டரிலேயே நின்றுவிடும். வெள்ளவத்தைப் பக்கம் தொடர்மாடிக் கூரையில் ஆண்டெனா வைத்திருப்பவர்கள் கனெக்டர்களையும் நட்டுகளையும் அடிக்கடி துடையுங்கள். உப்புக்காற்றில் பச்சை பிடித்த இணைப்பு டயோடு போல நடந்துகொண்டு அலையின் வடிவத்தைக் கெடுக்கும்.

கடைசியில் தூரத்து நிலையத்திடம் ஐ.எம்.டி. அளவு, அதாவது வேண்டாத பக்கக் கோடுகள் பிரதான கோடுகளைவிட எத்தனை டெசிபெல் தாழ்ந்திருக்கின்றன என்று கேளுங்கள். −30 டெசிபெல் அருமை, −25 பரவாயில்லை, −20க்கு மேலே வந்தால் ஒலியளவைக் குறைக்க வேண்டும். அவர் அளக்கும்போது எதையும் தட்டச்சு செய்யாமல் ஐடிலில் விடுங்கள். உங்கள் சிக்னல் அவருக்குப் பலமாகக் கேட்காவிட்டால், அவர் அளப்பது இரைச்சலைத்தான்.