டமியா டிடி-02: கியர்பாக்ஸைப் பிரித்து, கழுவி, கிரீஸ் வைக்கும் முறை

டமியாவின் ரிமோட் கார்களில் ஒன்றான டிடி-02-இன் சேசிஸில் (அடிச்சட்டம்) கியர் மூன்று இடத்தில் இருக்கிறது. மோட்டாரை ஒட்டிய பினியன்–ஸ்பர் ஜோடி ஒன்று (மோட்டார் ஷாஃப்டில் இருக்கும் சின்னக் கியர் பினியன், அது சுழற்றும் பெரிய கியர் ஸ்பர்), முன்னாலும் பின்னாலும் ஒவ்வொரு டிஃபரென்ஷியல் (சுருக்கமாக டிஃப்; வளைவில் இடது, வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் கியர் தொகுதி). டிஃப் பெட்டிகள் இரண்டும் மூடியவை என்பதால், கிட் கட்டிய அன்று வைத்த கிரீஸோடேயே பலர் வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். தார் தளத்தில் மட்டும் ஓட்டினால் அதில் பெரிய தவறில்லை. மணலிலோ தண்ணீரிலோ இறங்கிய வண்டியை அன்றே பிரித்துவிடுங்கள். கடற்கரை மணலென்றால் உப்பும் சேர்ந்து பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும்.

முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள், பிறகு மோட்டாரையும். மோட்டாருக்குள் இருக்கும் காந்தத்தின் இழுவை கியரின் நறநறப்பை மறைத்துவிடும். மோட்டார் இல்லாமல் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தால்தான் எங்கே பிடிக்கிறது என்பது தெரியும்.

ஸ்க்ரூ டிரைவரில் கஞ்சத்தனம் வேண்டாம். டமியா ஸ்க்ரூக்களின் தலை ஜப்பானிய ஜேஐஎஸ் அளவு. சாதாரண ஸ்டார் டிரைவர் அதில் முழுதாக உட்காராமல் வழுக்கி, தலையை மொட்டையாக்கிவிடும். சக்கரம், டேம்பர் ஸ்டே (ஷாக் அப்சார்பரைத் தாங்கும் தகடு), பெட்டியின் மேல்மூடி என்று வரிசையாகக் கழற்றி, ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். டிஃபைத் தூக்குவதற்கு முன் அதன் பெரிய ரிங் கியர் இடப்பக்கம் இருக்கிறதா வலப்பக்கமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முன், பின் இரண்டில் ஒன்றை மாற்றிப் போட்டாலும் முன்சக்கரங்கள் ஒரு திசையிலும் பின்சக்கரங்கள் எதிர்த் திசையிலும் சுற்றப் பார்க்கும்.

பழைய கிரீஸைத் துடைக்கும் முன் அதன் நிறத்தைக் கவனியுங்கள். பால் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. சாம்பல் நிறத்தில் மினுமினுத்தால் டிஃபுக்குள் இருக்கும் உலோக பெவல் கியர்கள் (கூம்பு வடிவச் சின்னக் கியர்கள்) தேய்கின்றன. விரல்களுக்கு நடுவே தேய்த்தால் நெறுநெறுவென்று இருந்தால் அது மணல். மணல் கலந்த கிரீஸ் பல்லை அரைக்கும் பசை, அதன்மேல் புது கிரீஸ் வைத்து ஒரு பயனும் இல்லை.

கழுவ, பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரும் பழைய பல் தேய்க்கும் பிரஷும் போதும். பல்லிடுக்கில் விடாமல் ஒட்டியதை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் எடுக்கலாம். பெட்ரோல், தின்னர், கார்புரேட்டர் கிளீனர் எதுவும் கிட்டேயே வரக் கூடாது. கியர் தாங்கினாலும் சேசிஸ் ஏபிஎஸ் பிளாஸ்டிக். இளகும், பிறகு ஸ்க்ரூ துளையை ஒட்டி விரிசல் விடும். பேரிங்கை மட்டும் சோப்புத் தண்ணீரில் போடாதீர்கள். ஆல்கஹாலில் அலசி, நன்றாகக் காயவிட்டு, மெல்லிய எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. கிட்டோடு வந்த பிளாஸ்டிக் புஷ் (பேரிங் இடத்தில் ஷாஃப்டைத் தாங்கும் வெறும் வளையம்) இன்னும் இருந்தால், பிரித்த கையோடு 11x5 மி.மீ. பேரிங்காக மாற்றிவிடுவது நல்லது. புஷ்ஷுக்குள் தூசி போனால் ஷாஃப்டையே அரித்துவிடும்.

காய்ந்த கியர்களை வெளிச்சத்தில் ஒவ்வொரு பல்லாகப் பாருங்கள். பல்லின் நுனி மழுங்காமல் ஊசியாக, ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் அந்தக் கியரின் ஆயுள் முடிந்தது. கிரீஸ் வைத்தால் சத்தம்தான் குறையும், பல் பிழைக்காது.

இனி கிரீஸ். பிளாஸ்டிக்குக்குத் தோதான செராமிக் கிரீஸ்தான் முதல் தேர்வு. இல்லாவிட்டால், பிளாஸ்டிக்குக்கு ஆகும் என்று டியூபில் எழுதியிருக்கும் வெள்ளை லித்தியம் கிரீஸ். டபிள்யூடி-40 கிரீஸ் அல்ல, இருக்கிற கிரீஸையும் கழுவி இறக்கிவிடும். தேங்காய் எண்ணெய் சிதறிப் போகும், மிஞ்சியது பிசினாகும்.

ரிங் கியருக்கு மிளகளவு எடுத்து, தீக்குச்சியால் பல்லுக்குப் பல் தடவுங்கள். தடவிய பிறகும் பல்லின் நிறம் கிரீஸுக்கு அடியில் தெரிய வேண்டும். அதிகமாக அப்பினால் முதல் சுற்றிலேயே பெட்டியின் சுவருக்குப் போய் ஒட்டிக்கொள்ளும்.

டிஃபின் உள்ளே இருக்கும் பெவல் கியர்களின் கதை வேறு. அங்கே கிரீஸ் தேய்மானத்தைக் குறைப்பதோடு வண்டி திரும்பும் விதத்தையும் மாற்றும். வளைவில் முன் உள்சக்கரம் வெறுமனே சுழன்றால், முன் டிஃபில் கெட்டியான ஆன்டி-வேர் (தேய்மானத் தடுப்பு) கிரீஸை பெவல்களுக்கு இடையே நிரப்புங்கள். பின் டிஃபுக்கு செராமிக் போதும். பின்னாலும் கெட்டியாக வைத்தால் வழுக்கும் தளத்தில் வால் சட்டென்று வெளியே போகும். கிட்டோடு வரும் டிஃப் எண்ணெய் தாங்கும் சீல் உள்ளதல்ல. சிலிக்கான் எண்ணெய் ஊற்றினால் கசிந்துவிடும், அதற்குத் தனி ஆயில் டிஃப் வாங்க வேண்டும்.

ஸ்பர்–பினியனுக்கு என் கட்சி: ஒன்றும் வேண்டாம். அந்த அறைக்கு மூடி இருந்தாலும் டிஃப் பெட்டி அளவுக்குத் தூசி தடுக்காது. இரும்புப் பினியனும் பிளாஸ்டிக் ஸ்பரும் உலர்ந்தே நன்றாக ஓடும். வழவழப்பான ஹால் தரையில் மட்டும் ஓட்டுகிறவர்கள் லேசாகப் பூசிக்கொள்ளலாம்.

திரும்பப் பூட்டும்போது பிளாஸ்டிக்கில் இறங்கும் ஸ்க்ரூவை முதலில் பின்பக்கமாகச் சுற்றுங்கள். 'டிக்' என்று ஒரு சின்ன இறக்கம் கையில் தெரியும். அங்கேதான் பழைய மரை தொடங்குகிறது. அங்கிருந்து முறுக்கினால் புது மரை வெட்டாது, துளையும் தளராது. பினியனின் கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத சின்ன ஸ்க்ரூ) மோட்டார் ஷாஃப்டின் தட்டையான பக்கத்தில் உட்கார வேண்டும், 1.5 மி.மீ. ஆலன் சாவி. மரை பூட்டும் பசை அங்கே ஒரு துளி போதும், பிளாஸ்டிக்கில் படவே கூடாது. பட்டால் பிளாஸ்டிக் விரிசல் விடும்.

மோட்டாரை மாட்டும் முன் வண்டியைத் தூக்கிப் பிடித்து ஸ்பரை விரலால் சுற்றுங்கள். நாலு சக்கரமும் ஒரே திசையில் போக வேண்டும். ஸ்பரை அசையாமல் பிடித்துக்கொண்டு ஒரு பின்சக்கரத்தைத் திருப்பினால் எதிர்ப் பின்சக்கரம் மறுபக்கம் திரும்ப வேண்டும். திரும்பாமல் இறுகினால் டிஃபின் ஸ்க்ரூக்கள் சமமாக இறங்கவில்லை. தளர்த்தி, குறுக்காக மாற்றி மாற்றி இறுக்குங்கள். பிறகு மோட்டாரை மாட்டி, சக்கரம் தரையில் படாமல் ஒரு நிமிடம் மெதுவாக ஓடவிடுங்கள். முதல் பேட்டரி தீர்ந்ததும் பெட்டியின் இணைப்பு ஓரத்தைத் துடைத்துப் பாருங்கள். அங்கே கிரீஸ் பிதுங்கி நின்றால் வைத்தது அதிகம். துடைத்து விடுங்கள், பிரிக்க வேண்டியதில்லை.