திரையில் ஒரு நிறம், தாளில் வேறு நிறம்: எங்கே தவறுகிறோம்?

கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்ததும், "நான் பார்த்த கலர் இது இல்லையே" என்று பிரஸ்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. பல நேரம் அவர் மேல் தப்பே இருக்காது. மானிட்டரின் பிரைட்னஸ்தான் குற்றவாளி.

முழு வெளிச்சத்தில் சாதாரண மானிட்டர் 250, 300 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) வரை எரியும். அச்சு வேலைக்கு 80 முதல் 120 போதும். திரையில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் வெற்றுத் தாளைப் பிடித்துப் பாருங்கள். திரை டியூப்லைட் மாதிரி எரிந்தால் குறைத்துவிடுங்கள். 'போட்டோ இருட்டடித்துவிட்டது' என்ற புகார் இதிலேயே அநேகமாகத் தீர்ந்துவிடும். திரையை மஞ்சளாக்கும் 'நைட் லைட்' வசதியையும் மறக்காமல் அணையுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை நிறத்தைத் தூக்கிக் காட்டும் 'விவிட்' மோடில் இருக்கும் போனில் பார்த்து ஓகே சொல்வது இன்னும் மோசம். அதை ஒப்புதலாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்த தவறு, கடைசி நாள் வரை ஆர்ஜிபியில் (திரையின் சிவப்பு, பச்சை, நீல ஒளிக் கலவை) டிசைன் செய்துவிட்டு பிரஸ்ஸுக்கு அனுப்பும்போது சிஎம்ஒய்கேவுக்கு (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளின் கலவை) மாற்றுவது. கிளிப்பச்சை, ராணி பிங்க், பளீர் நீலம் எல்லாம் ஒளியில் கிடைக்கும். நான்கு மைகளில் அந்தப் பளபளப்பு வராது. போட்டோஷாப்பில் புரூஃப் செட்டப் போய் பிரஸ் சொல்லும் புரொஃபைலை (அந்த மையிலும் தாளிலும் நிறம் எப்படி வரும் என்ற விவரக் கோப்பு) தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல்-ஒய் அழுத்தினால் ஏமாற்றத்தை முன்கூட்டியே பார்த்துவிடலாம். நீலத்துக்கு சயான் 100, மெஜந்தா 100 கொடுத்தால் கத்தரிப்பூ நிறம்தான் வரும். மெஜந்தாவை 70க்குக் கீழே இறக்குங்கள்.

ஆனால் வீட்டு இங்க்ஜெட் பிரின்டருக்கு இந்த சிஎம்ஒய்கே விதி பொருந்தாது. அதன் டிரைவர் ஆர்ஜிபியைத்தான் எதிர்பார்க்கிறது. சிஎம்ஒய்கேவுக்கு மாற்றி அனுப்பினால் வரவேண்டிய நிறமும் போய்விடும். அங்கே நடக்கும் தவறு வேறு: போட்டோஷாப்பும் நிறத்தைத் திருத்தும், பிரின்டர் டிரைவரும் திருத்தும். இரட்டைத் திருத்தத்தில் முகம் சிவந்து போகும். இரண்டில் ஒன்றை நிறுத்துங்கள்.

கறுப்பில் இரண்டு தவறுகள். சிறிய எழுத்தை நான்கு மையிலும் அமைத்தால் ஒவ்வொரு மைக்கும் உள்ள அச்சுத் தகடான பிளேட் இம்மி நகர்ந்தாலும் ஓரத்தில் வண்ண நிழல் தட்டும்; கறுப்பு 100 மட்டும் போதும். பெரிய கறுப்புப் பரப்புக்கு மற்ற மைகள் தேவைதான். அதற்காக நான்கையும் 100 ஆக்கினால் மொத்த மை 400 சதவீதம்: காயாது, அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். வழுவழுப்பான பூச்சுள்ள ஆர்ட் பேப்பரிலேயே 300 சுற்றி நிறுத்திக்கொள்வது நல்லது.

ஆர்ட் பேப்பரில் துடிப்பாக நிற்கும் சிவப்பு, பூச்சில்லாத மேப்லித்தோ தாள் மையை உறிஞ்சுவதால் அதில் மங்கிவிடும். மேட் லேமினேஷனும் கொஞ்சம் மந்தமாக்கும். ஆகவே மாதிரியை அதே தாளில் கேளுங்கள். அதையும் கடையின் மஞ்சள் விளக்கில் பார்க்காமல், பகலில் ஜன்னலோரம், நேர் வெயில் படாமல் பாருங்கள். அச்சுத் துறை இதற்கென்றே 5000 கெல்வின் விளக்கு வைத்திருக்கிறது.

டிஜிட்டல் பிரின்டரில் எடுத்த மாதிரி, பிளேட் வைத்து அடிக்கும் ஆப்செட்டில் அப்படியே வரும் என்று நம்ப வேண்டாம். பலருடைய வேலைகளை ஒரே தாளில் சேர்த்து அடிக்கும் மலிவு விசிட்டிங் கார்டுகளில், உங்கள் ஒரு கார்டுக்காக மையைக் கூட்டிக் குறைக்க வழியில்லை. லோகோ நிறம் துளியும் மாறக் கூடாது என்றால், பான்டோன் எண் (நிறங்களுக்கான பொதுப் பட்டியல் எண்) கொடுத்துத் தனி மையில், தனி பிளேட்டில் அடிக்கச் சொல்லுங்கள். செலவு கூடும்.