போன் 18 நாட் என்றால் போதுமா? கைட்சர்ஃபிங் கரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போனில் காற்றின் வேகம் 18 நாட் (மணிக்குச் சுமார் 33 கிலோமீட்டர்) என்று பார்த்ததும் கைட்டுக்கு, அதாவது பலகையில் நிற்பவரைத் தண்ணீரின் மேல் இழுத்துச் செல்லும் பெரிய காற்றாடிக்கு, காற்றடிக்கத் தொடங்கிவிடுவது பலருக்கும் உள்ள பழக்கம். உண்மையில் வேகம் என்பது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது முதலாவது. கைட் தண்ணீரில் விழுந்து மறுபடி எழும்பவே இல்லையென்றால் காற்றும் நீரோட்டமும் நம்மை எங்கே கொண்டுபோய் ஒதுக்கும் என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் நல்ல பதில் இல்லாத நாளில் பையைப் பிரிக்கவே வேண்டாம்.

தட்டையான தண்ணீரை நம்புவது

கடலைப் பார்த்து நிற்கும்போது முதுகில் காற்று பட்டால் அது கரையிலிருந்து கடலுக்குப் போகும் காற்று. புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது இதுதான், ஏனென்றால் கரையோரத் தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும். அலை எழும்பக் காற்றுக்குத் தண்ணீரின் மேல் ஓடத் தூரம் வேண்டும். கரையோரத்தில் அந்தத் தூரம் இல்லை, அவ்வளவுதான். அரை கிலோமீட்டர் உள்ளே போனால் கதையே வேறு. மரம், கட்டடம், மணல்மேடு ஆகியவற்றைத் தாண்டி வரும் காற்று உடைந்து சுழல்வதால், கைட் ஒரு நொடி தொய்ந்து அடுத்த நொடி வெடுக்கென்று இழுக்கும். 10 மீட்டர் உயரமுள்ள ஒரு மர வரிசை, தனக்குப் பின்னால் 100 மீட்டர் வரைகூடக் காற்றைக் கலக்கிவிடும். ஏதாவது பழுதானால் போய்ச் சேரும் இடம் ஒன்றே: ஆழ்கடல். மீட்புப் படகு தயாராக நிற்காவிட்டால் இந்தக் காற்றில் இறங்கக் கூடாது.

நேர் எதிராகக் கடலிலிருந்து நெற்றிக்கு நேரே வரும் காற்று நம்மைக் கரைக்குத்தான் தள்ளும், அது நல்லது. ஆனால் கைட்டைக் கிளப்பும்போது இழுத்தால் சுவர், வேலி, சாலை என்று எல்லாமே நமக்குப் பின்னால் வரிசையாக நிற்கும். அலையைத் தாண்டி வெளியே போகவும் இடம் கிடைக்காது. கடலிலிருந்து கரையை நோக்கிச் சாய்வாக வரும் காற்றே கற்றுக்கொள்பவருக்கு உகந்தது. கரை வளைந்திருக்கும் இடங்களில், வலது முனையில் சாய்வாக வரும் அதே காற்று இடது முனையில் கடல் நோக்கி ஓடலாம். எனவே கணிப்பு காட்டும் திசையை வரைபடத்தில் நாம் இறங்கும் இடத்தின் கரைக்கோட்டோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

சராசரி வேகத்தைப் பார்த்து கைட் எடுப்பது

கணிப்பில் பெரிதாகத் தெரியும் எண், தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் இருக்கும் சராசரி வேகம். வீச்சுக்காற்றின், அதாவது திடீரென்று வலுத்து அடங்கும் காற்றின், வேகம் தனி வரியில் இருக்கும். அதை விட்டுவிட்டுப் படிப்பது பெரிய தவறு. கைட்டின் இழுவை வேகத்தின் இருமடியைப் பொறுத்து ஏறுவதே காரணம். 15 நாட் 21 ஆனால் கூடியது 6 நாட்தான். இழுவையோ கிட்டத்தட்ட இரட்டிப்பு.

இரண்டு நாட்களை ஒப்பிடுங்கள். ஒரு நாள் காற்று 16-க்கும் 20-க்கும் இடையே ஊசலாடுகிறது. இன்னொரு நாள் 12-க்கும் 24-க்கும் இடையே. சராசரி இரண்டிலும் 18. முதல் நாளில் இழுவை ஏறி இறங்குவது சுமார் ஒன்றரை மடங்கு, இரண்டாம் நாளில் 4 மடங்கு. இரண்டாம் நாள் கற்றுக்கொள்பவருக்கான நாளே அல்ல.

கைட் அளவுக்குப் பலரும் வைத்திருக்கும் கைக்கணக்கு: உடல் எடையை (கிலோவில்) காற்றின் வேகத்தால் (நாட்டில்) வகுத்து 2.2-ஆல் பெருக்குவது. 75 கிலோ, 18 நாட் என்றால் சுமார் 9 சதுர மீட்டர். இரு பக்கமும் ஓட்டக்கூடிய சாதாரண இருமுனைப் பலகைக்கான தோராயம் இது. ஃபாயிலுக்கு (நீருக்கடியில் இறக்கை பொருத்திய பலகைக்கு) இன்னும் சிறிய கைட்டே போதும். காற்று ஊசலாடும் நாளில், தணிந்த நேரத்துக்கு ஏற்ற பெரிய கைட்டை எடுத்துவிட்டு வீச்சு வரும்போது சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள்தான் கரையில் இழுபடுகிறார்கள். சிறியதை எடுத்து அவ்வப்போது மூழ்கி நிற்பது பரவாயில்லை.

கடற்காற்றைக் கணிப்பு மாதிரிகள் சில நேரம் தவற விடும். வெயிலில் நிலம் சூடேறிப் பிற்பகலில் வலுக்கும் அந்தக் காற்று, 25 கிலோமீட்டர் கட்டங்களாகக் கணக்கிடும் மாதிரியில் சரியாகப் பிடிபடாது. எனவே தண்ணீரைப் பாருங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை நுரை தெரிந்தால் 10 நாட் பக்கம். எங்கு பார்த்தாலும் நுரை, லேசான சாரல் என்றால் 17-க்கு மேல். கையடக்கக் காற்றுமானியில் அளப்பதானால் தலைக்கு மேல் பிடித்து, குறைந்தது 5 நிமிடம், உச்சத்தையும் தணிவையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

நீரோட்டத்தைக் கணக்கில் விடுவது

16 நாட் காற்று, 2 நாட் நீரோட்டம். நீரோட்டம் காற்றோடு சேர்ந்து போனால் கைட்டுக்குக் கிடைப்பது 14. எதிர்த்து வந்தால் 18. ஓதம் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) திரும்பியதும் அதே கைட் வேறு கைட் போல நடந்துகொள்வது இதனால்தான். எதிரோட்டத்தில் அலை செங்குத்தாகும், ஆனால் காற்றை எதிர்த்து ஏறுவது சுலபம். காற்றோடு ஓடும் நீரில், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் பேச்சு கிடையாது.

ஆறு மணி நேர ஓதத்தில் நீர்மட்ட மாற்றத்தின் பாதி, நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்தில் நடந்துவிடும். கற்றுக்கொள்பவர்கள் அந்த இரண்டு மணி நேரத்தைத் தவிர்க்கலாம். இறங்கும்போது 40 மீட்டர் அகலம் இருந்த மணல், திரும்பும்போது 10 மீட்டராகியிருந்தால் கைட்டை எங்கே இறக்குவது என்பதையும் முன்பே பார்த்து வைக்க வேண்டும்.

கைட்டைக் கிளப்பும் பத்து நொடி

கயிறு 20 முதல் 24 மீட்டர் நீளம். காற்று போகும் பக்கத்தில் குறைந்தது 50 மீட்டர் வெற்றிடம் வேண்டும். 100 இருந்தால் நிம்மதி.

உதவியாளர் கைட்டைப் பிடித்து நிற்கிறார், துணி படபடக்கிறது. நீங்கள் காற்று வரும் பக்கமாக ஓரடி, இன்னும் ஓரடி நகர வேண்டும். துணி சட்டென்று புடைத்து ஓசை அடங்கும் இடத்தில் நின்றுவிட வேண்டும். அவசரத்தில் பத்தடி நகர்ந்துவிட்டால் கைட் முழு இழுவைக்குள் வந்துவிடும். உதவியாளர் கையை விட்டதும் உங்களைக் குப்புறத் தள்ளி இழுத்துக்கொண்டு போகும். கட்டைவிரலை உயர்த்துவதற்கு முன் நான்கு கயிறுகளையும் கைட்டிலிருந்து பார் (கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கம்பி) வரை கண்ணால் தொடருங்கள். பின் கயிறு ஒன்று மாறிக் கோத்திருந்தால், எழுந்த நொடியே கைட் சுழன்று தரையில் மோதும்.

அப்போது கை தானாகவே பாரை இறுக்கிப் பிடித்து மார்புக்கு இழுக்கும். பாரை இழுத்தால் இழுவை கூடும். செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறானது: பாரை விடுவது, அதுவும் போதாவிட்டால் கைட்டின் இழுவையை உடனே விடுவிக்கும் பிடியான குயிக் ரிலீஸைத் தள்ளுவது. கரையிலேயே, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கைகளாலும் அதைத் தேடிப் பழகிக்கொள்ளுங்கள்.

கிளப்பிய பிறகு கைட்டை உச்சந்தலைக்கு நேரே நிறுத்திவிட்டுக் கரையில் நின்று பேசுவது இன்னொரு கெட்ட பழக்கம். ஒரு வீச்சு போதும், ஆளை அப்படியே தூக்கிவிடும். கைட்டைக் கடல் பக்கமாக 45 பாகையில் தாழ்த்தி, நேரே தண்ணீருக்குள் நடங்கள்.

கரையேறும் நேரத்தைத் தள்ளிப்போடுவது

கருமேகம் திரண்டு, நன்றாக வீசிக்கொண்டிருந்த காற்று சட்டென்று செத்துப்போனால் அது ஓய்வு அல்ல. மழைமேகத்திலிருந்து இறங்கும் குளிர்காற்று அடுத்த சில நிமிடங்களில் வேறு திசையிலிருந்து இரட்டை வேகத்தில் வரலாம். இடி கேட்டால் கைட் தரையில் இருக்க வேண்டும். முன்விளிம்பு காற்றை நோக்கி, துணியின் மேல் தாராளமாக மணல்.

மாலையில் கடற்காற்று தணியும்போது நடப்பது வேறு: கைட் மெல்லத் தண்ணீரில் இறங்கும், திரும்ப எழாது. ஆகவே நீந்தித் திரும்ப முடியாத தூரத்துக்குப் போகாதீர்கள். விழுந்தால் முதலில் குயிக் ரிலீஸ். பிறகு லீஷ் (உங்களைக் கைட்டோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டை) மாட்டியிருக்கும் கயிற்றை மட்டும் பாரில் சில சுற்று சுற்றுங்கள். எல்லாக் கயிறுகளையும் ஒன்றாகச் சுற்றத் தொடங்கினால் கைட் மறுபடி காற்றைப் பிடித்துவிடும். விரலில் சுற்றிய கயிறு சதையை அறுக்கும். கைட் இழுக்காமல் துவண்டு கிடப்பது உறுதியான பிறகே மற்றக் கயிறுகளையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டு கைட்டை அடைந்து, அதன் முனையைப் படகுப் பாய்போலப் பிடித்துக் கரைக்கு மிதந்து வரலாம்.