அலமாரிப் பொருள்களில் வீகன் நூடுல்ஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலர் நூடுல்ஸும் வேர்க்கடலை வெண்ணெயும் சோயா சாஸும் பூண்டும் வீட்டில் இருந்தால், பால், முட்டை, தேன் என விலங்குகளிடமிருந்து வரும் எதுவும் சேராத வீகன் உணவை 15 நிமிடத்தில் குறைந்த செலவில் வயிறு நிறையச் சாப்பிடலாம். ஆனாலும் ஒருமுறை செய்து பார்த்துவிட்டு, சுவையில்லை என்று கைவிடுவோர் பலர். குறை பொருள்களில் இல்லை; பெரும்பாலும் சமைக்கும் முறையில்தான் இருக்கிறது.

முதல் தவறு அடுப்பு பற்றவைக்கும் முன்பே நேர்ந்துவிடுகிறது. மஞ்சள் நிற நூடுல்ஸில் முட்டை இருக்கும் என்று ஒதுக்குவதும், வெளிறிய நிறத்தை நம்பி வாங்குவதும் ஒருபோலப் பிழையே. கோதுமை மாவில் சேர்க்கும் கார உப்புகளாலும் மஞ்சள் நிறம் வரும் என்பதால், உறையின் பின்புறப் பட்டியலைப் படிப்பது ஒன்றே வழி. காய்கறிச் சுவை என்று அச்சிட்ட மசாலாப் பொட்டலத்திலும் பால்பொடி இருக்கலாம். சில வேர்க்கடலை வெண்ணெய்களில் தேனும் கலந்திருக்கும்.

நான் மிகவும் வருந்துவது, நூடுல்ஸ் வெந்த நீரை மொத்தமாக வடித்துக் கொட்டிவிடுவதைக் குறித்துத்தான். வேகும்போது இறங்கிய மாவுச்சத்தால் கலங்கிய அந்த நீர்தான், எண்ணெயும் சாஸும் பிரிந்து போகாமல் இழையோடு ஒட்டிக்கொள்ளச் செய்கிறது. ஆகவே வடிப்பதற்கு முன் ஒரு குவளை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். 2 மேசைக்கரண்டி வேர்க்கடலை வெண்ணெயில் அந்தச் சுடுநீரை ஒரு கரண்டி விட்டுக் கலக்கினால், இளகுவதற்கு மாறாக அது இறுகித் திரிதிரியாகத் தோன்றும். கெட்டுவிட்டதென்று பயந்து பலர் எண்ணெயை ஊற்றுவது இங்கேதான். பொறுமையாக இன்னும் இரண்டு மூன்று கரண்டி நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கலக்கிக்கொண்டே இருந்தால், இறுகியது மெல்ல நெகிழ்ந்து, கரண்டியின் முதுகில் வழவழப்பாகப் படியும் பதத்துக்கு வந்துவிடும்.

உறையில் குறித்த நேரம் முழுவதும் வேகவைப்பதும் தவறே. சூடான சாஸில் புரட்டும்போது மேலும் வேகும் என்பதால், 4 நிமிடம் என்றிருந்தால் 3 நிமிடத்தில் இறக்கிவிட வேண்டும். சாஸில் புரட்டப்போகும் கோதுமை நூடுல்ஸைக் குளிர்ந்த நீரில் அலசக் கூடாது. ஆறவைத்து உண்பதற்கு மட்டுமே அது பொருந்தும். மெல்லிய அரிசி நூடுல்ஸைக் கொதிக்க விடாமல், வெந்நீரில் ஊறவைத்தாலே போதும்.

புகையும் எண்ணெயில் பூண்டைப் போட்டால் நொடியில் கருகி, முழுச் சாப்பாடும் கசந்துபோகும். ஆறிய எண்ணெயிலேயே பூண்டை இட்டு, சிறு தீயில் ஓரங்கள் இளம்பொன் நிறமாகும்போது அடுப்பை அணைத்துவிடுங்கள். எஞ்சிய சூட்டிலேயே அது பதமாகிவிடும்.

உப்பிலும் கவனம் வேண்டும். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம் உண்டு. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 2000 மில்லிகிராமுக்கும் குறைவாகவே இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனவே மசாலாப் பொட்டலத்தையும் சோயா சாஸையும் ஒருசேர முழுதாகக் கொட்டாமல், இரண்டையும் பாதியாக்கி, இறக்கியபின் சிறிது வினிகரோ எலுமிச்சைச் சாறோ பிழிந்தால் சுவை தூக்கலாகும்.

வெறும் நூடுல்ஸோடு நிறுத்திக்கொண்டால் விரைவில் பசிக்கும். வேகும் கடைசி ஒரு நிமிடத்தில் அதே நீரில் ஒரு கைப்பிடி உறைந்த பட்டாணியைப் போட்டுவிட்டால், தனிப் பாத்திரமோ கூடுதல் நேரமோ தேவைப்படாது.