மலையுச்சிப் பூக்களைப் பற்றிப் பேசும்போது சறுக்கும் இடங்கள்

மரங்கள் வளராத உயரத்தில் எந்தச் செடிகள் சேர்ந்து வாழும் என்பதைக் குளிரும் பனியுமே முடிவுசெய்கின்றன, பூ வெறும் அலங்காரம் என்று நினைப்பதுதான் முதல் சறுக்கல். குளிரைத் தாங்கி இலை விட்டால் மட்டும் போதாது. வேர் பரப்பிப் பல ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும் செடிக்கும் புது இடம் பிடிக்க விதை வேண்டும். அந்த விதைக்குப் பூவின் வடிவமும் நிறமும் மலரும் காலமும் அங்கே வரும் பூச்சிகளுக்கு ஒத்துவர வேண்டும்.

சரி, எந்தப் பூச்சிகள்? மேலே போகப்போகத் தேனீக்கள் குறைந்து ஈக்களின் பங்கு கூடுவது பல மலைகளில் காணப்படுவது. ஈயின் வாய் பெரும்பாலும் குட்டை. ஆழமில்லாத, விரிந்த பூக்கள் அதற்கு வசதி. இதை எல்லா மலைக்கும் பொதுவிதி ஆக்கிவிடுவது அடுத்த தவறு. ரோமம் அடர்ந்த பருத்த தேனீயான பம்பிள் தேனீ, பறக்கும் தசைகளை நடுங்கவைத்து உடலைச் சூடாக்கிக்கொண்டு குளிரிலும் வேலைக்குக் கிளம்பிவிடும். அது வாழும் இமயமலையில் பெடிகுலாரிஸ் என்ற செடியினத்தின் குழல் வடிவப் பூக்கள் எத்தனை எத்தனை! நியூசிலாந்தின் மலைகளிலோ பம்பிள் தேனீ இயல்பாக இருந்ததே இல்லை. நீண்ட நாக்குள்ள வேறு தேனீக்களும் இயல்பாக இருந்ததில்லை. அங்கே உயரத்துப் பூக்களில் பெரும்பாலானவை வெள்ளை, விரிந்த கிண்ணம் போன்றவை. இரண்டு இடத்திலும் குளிர்தான், வரும் விருந்தாளிதான் வேறு. குளிரை மட்டும் வைத்துக் கணக்குப் போடுபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த ஒப்பீட்டைத்தான்.

நிறத்தை நம் கண்ணால் எடைபோடுவதும் வழக்கம். தேனீக்குப் புற ஊதா தெரியும், சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. நமக்கு ஒரே மஞ்சளாகத் தெரியும் இரண்டு பூக்கள் அதற்கு வெவ்வேறாக இருக்கலாம்.

“உயரத்தில் பூ சிறியது” என்பதும் பாதி உண்மைதான். செடி சுருங்கும் அளவுக்குப் பூ சுருங்குவதில்லை. தரையோடு மெத்தை போலப் படரும் சைலீன் அகாலிஸ் செடியில் பூக்கள் இலைகளையே மறைத்துவிடும்.

பூச்சி குறைவு என்பதால் எல்லாச் செடியும் தன்மகரந்தச் சேர்க்கைக்கு மாறிவிடும் என்பது அவசர முடிவு. சில மாறுகின்றன. பல செடிகளின் பூக்கள் கூடுதல் நாள் திறந்திருந்து காத்திருக்கின்றன.

கடைசியாக, பெரிய பொறி. ஒரு சரிவில் ஒத்த பூக்கள் கூடி இருந்தால், ஒரே பூச்சியைச் சேர்ந்து ஈர்க்கின்றன என்று உடனே எழுதிவிடுகிறோம். அவை எல்லாம் சூரியகாந்திக் குடும்பமாக இருந்தால்? ஒற்றுமை பரம்பரைச் சொத்தாகவும் இருக்கலாமே. எனவே உறவுமுறையை முதலில் பாருங்கள். அப்புறம் சில பூக்களுக்குக் கையால் கூடுதல் மகரந்தம் தடவி, அப்படியே விட்ட பூக்களோடு விதைகளை எண்ணிப் பாருங்கள். தடவிய பூக்களில் விதை கூடினால் அங்கே மகரந்தப் பற்றாக்குறை இருக்கிறது. கூடாவிட்டால், பூக்கள் பூச்சிக்காகச் சேர்கின்றன அல்லது போட்டியிடுகின்றன என்ற கதையைக் கொஞ்சம் ஒத்திவைக்கலாம்.