பலம் குறைந்த தேசிய அணிக்கான ஆட்டத்திட்டமும் வீரர் தேர்வும்

பலம் குறைந்த ஒரு தேசியக் கால்பந்து அணிக்குப் பொறுப்பேற்கும் பயிற்சியாளரிடம் எல்லோரும் முதலில் கேட்பது, 4-4-2 ஆடப்போகிறீர்களா, 5-4-1 ஆடப்போகிறீர்களா என்பதுதான் (தடுப்பு, நடுக்களம், முன்களம் என்ற வரிசையில் எத்தனை பேர் என்பதைச் சொல்லும் எண்கள் இவை). அந்தக் கேள்வி இரண்டாவதாக வர வேண்டியது. எதிரணிக்கு எதை விட்டுக்கொடுப்பது என்பதையே முதலில் முடிவு செய்ய வேண்டும். மைதானம் முழுவதையும் பதினொரு பேரால் காக்க முடியாது. வலுவான அணி பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு அந்தக் குறையை மறைத்துவிடும். நமக்கு அந்த வசதி கிடையாது. எந்த இடத்தை விட்டுவிடலாம், எந்த இடத்தை என்ன விலை கொடுத்தும் காக்க வேண்டும் என்று தீர்மானித்துவிட்டால், அமைப்பையும் ஆட்களையும் அந்தத் தீர்மானத்திலிருந்தே கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

விட்டுக்கொடுப்பதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பந்தையும் பக்கவாட்டு ஓரங்களையும் எதிரணிக்கு விட்டுவிட்டு, கோலுக்கு நேரெதிரான நடுப்பகுதியை அடைத்துக்கொள்வது. 2022 உலகக் கோப்பையில் மொராக்கோ செய்தது இதைத்தான். ஸ்பெயின் 1,000-க்கும் மேற்பட்ட பாஸ்களை ஆடியும் 120 நிமிடங்களில் ஒரு கோல்கூட அடிக்க முடியவில்லை. அரையிறுதிக்கு முன்பு வரை மொராக்கோவின் வலைக்குள் போன ஒரே பந்து, கனடாவுடனான ஆட்டத்தில் விழுந்த சுயகோல். இன்னொரு வழி, தடுப்பு வரிசையை நடுக்கோட்டை நோக்கி ஏற்றி நிறுத்தி, அதன் முதுகுக்குப் பின்னாலிருக்கும் பெரிய வெளியை விட்டுக்கொடுத்து, கடைசித் தடுப்பாட்டக்காரரைத் தாண்டி நின்று பாஸ் வாங்குவதைத் தடுக்கும் ஆஃப்சைடு விதியை நம்பி ஆடுவது. அதே உலகக் கோப்பையில் எர்வே ரெனார் பயிற்றுவித்த சவூதி அரேபியா, அர்ஜென்டினாவை 2-1 என்று வென்றது இப்படித்தான். முதல் பாதியில் மட்டும் அர்ஜென்டினா அடித்த மூன்று கோல்கள் ஆஃப்சைடு என்று தள்ளுபடியாயின.

இந்த இரண்டில் எதை எடுப்பது என்று கேட்டால், பெரும்பாலான சிறிய அணிகளுக்கு முதல் வழியையே சொல்வேன். மேலே ஏறி நிற்கும் தடுப்பு வரிசை கைகூடுவதற்கு நான்கு தடுப்பாட்டக்காரர்களும் ஒரே நொடியில் முன்னால் அடியெடுத்து வைக்க வேண்டும். அந்த நொடியில் பந்தை வைத்திருப்பவர்மீது நம் முன்கள வீரர் ஒருவர் அழுத்தம் கொடுத்துக்கொண்டிருக்கவும் வேண்டும். ஒருவர் அரையடி பின்தங்கினாலும் கோல்கீப்பர் தனியாக நிற்பார். கிளப் அணிகள் மாதக்கணக்கில் பழகும் இந்த ஒத்திசைவை, ஆட்டத்துக்கு முன்பு சில நாட்கள் மட்டுமே கூடும் தேசிய அணியிடம் எதிர்பார்ப்பது கடினம். சவூதியும் அர்ஜென்டினாவுடனான ஆட்டத்தில் தன் அணித்தலைவரையும் இடது ஓரத் தடுப்பாட்டக்காரரான ஃபுல்பேக்கையும் காயத்தால் இழந்து, அடுத்த இரண்டு ஆட்டங்களிலும் தோற்று வெளியேறியது.

நடுவை அடைப்பது எப்படி

நடுவை அடைப்பது என்றால் எல்லோரும் பெனால்ட்டி பகுதிக்குள் போய் நின்றுவிடுவது என்று பொருளல்ல. அப்படி நின்றால் பந்து கிடைத்த பிறகு எதிரணிக் கோல் தொண்ணூறு மீட்டர் தொலைவில் இருக்கும். வெளியே அடித்த பந்து உடனே திரும்பி வந்துகொண்டே இருக்கும். முடிந்த வரை, தடுப்பு வரிசை பெனால்ட்டி பகுதியின் கோட்டிலிருந்து பத்துப் பதினைந்து மீட்டர் முன்னால் நிற்க வேண்டும். முன்கள வீரருக்கும் கடைசித் தடுப்பாட்டக்காரருக்கும் இடையிலான தூரம் முப்பது மீட்டருக்குள் இருக்க வேண்டும். தடுப்பு வரிசைக்கும் நடுக்கள வரிசைக்கும் இடையிலிருக்கும் இடத்தில்தான் எதிரணியின் சிறந்த வீரர் பந்தை வாங்கித் திரும்பப் பார்ப்பார் என்பதால், அந்த இடைவெளியைப் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் விரியவிடக் கூடாது.

பொறுமையாக நிற்பதோடு, எப்போது பாய்வது என்பதையும் அணி முழுவதும் ஒரே மாதிரி அறிந்திருக்க வேண்டும். எதிரணியின் நடுத் தடுப்பாட்டக்காரர் தன் ஃபுல்பேக்குக்குப் பந்தைத் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஃபுல்பேக் முன்பக்கம் பார்த்தபடி பந்தை வாங்கினால் நம் ஓர முன்கள வீரரான விங்கர் நின்ற இடத்திலேயே நிற்கட்டும். அவர் தன் கோலைப் பார்த்தபடி வாங்கினாலோ, பந்து காலில் ஒட்டாமல் ஒரு முழம் தள்ளிப் போனாலோ, விங்கர் பாய வேண்டும். நடு முன்கள வீரரான ஸ்ட்ரைக்கர் திரும்பிப் போகும் பாஸை மறைக்க வேண்டும். அந்தப் பக்கத்து நடுக்கள வீரர் உள்ளே வரும் பாஸுக்கு முன்னால் நிற்க வேண்டும். பக்கக்கோடே நான்காவது ஆளாகிவிடும். இத்தகைய தருணங்கள் இரண்டு மூன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, கிடைக்கும் நாட்களில் அவற்றையே திரும்பத் திரும்பப் பயிற்சி செய்தால் போதும். பத்துத் திட்டங்களை அரைகுறையாகப் பழகிய அணி, ஆட்டத்தின் வேகத்தில் எல்லாவற்றையும் ஒருசேர மறந்துவிடும்.

பதினொருவரைத் தேர்ந்தெடுப்பது

திறமைப் பட்டியலில் முதல் பதினொரு பெயர்களை எடுத்து வரிசைப்படுத்துவது, சிறிய அணிகள் மிக அதிகமாகச் செய்யும் தவறு. தனித்தனி ஆட்களாக எண்ணாமல் ஜோடிகளாக எண்ண வேண்டும். இரண்டு நடுத் தடுப்பாட்டக்காரர்கள், அவர்களுக்கு முன்னால் இரண்டு நடுக்கள வீரர்கள், ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு ஃபுல்பேக்கும் ஒரு விங்கரும் என்று, ஒருவர் நகர்ந்தால் மற்றவர் என்ன செய்வார் என்பதைக் கேட்காமலே அறிந்த ஜோடிகள் வேண்டும். ஒரே கிளப்பில் சேர்ந்து ஆடும் இரண்டு சுமாரான தடுப்பாட்டக்காரர்கள், வெவ்வேறு நாடுகளில் ஆடும் இரண்டு நல்ல தடுப்பாட்டக்காரர்களைவிடத் தேசிய அணிக்குப் பெரும்பாலும் அதிகப் பயன் தருவார்கள் என்பது என் உறுதியான கருத்து. ஐரோப்பிய நாடுகளுக்கான 2016 யூரோ தொடரில் லார்ஸ் லாகர்பேக்கும் ஹைமிர் ஹால்கிரிம்சனும் பயிற்றுவித்த ஐஸ்லாந்து, ஐந்து ஆட்டங்களிலும் அதே பதினொருவரையே 4-4-2 அமைப்பில் களமிறக்கியது. காலிறுதியில் களைப்பு தெரிந்தது, பிரான்ஸிடம் 5-2 என்று தோற்றது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பரிச்சயம் இல்லாமல் அது காலிறுதியை எட்டியிருக்காது.

பெயர்பெற்ற விங்கரை என்ன செய்வது என்பது அடுத்த சிக்கல். அவர் தற்காப்புக்குத் திரும்பி ஓட மறுத்தால் அவருக்குப் பின்னாலிருக்கும் ஃபுல்பேக் ஒருவர் இருவரை எதிர்கொள்ள நேரும். எதிரணி அந்தப் பக்கத்தைப் பதினைந்தே நிமிடங்களில் கண்டுபிடித்துவிடும். அதற்காக அவரை உடனே ஒதுக்கிவிடவும் வேண்டாம். முந்தைய பயிற்சியாளரின் காலத்தில் விலகியிருந்த ஹக்கீம் ஜியேஷை மொராக்கோவின் வாலித் ரெக்ராகுயி மீண்டும் அழைத்து வந்தார்; 2022 உலகக் கோப்பை நடந்த கத்தாரில் ஜியேஷ் தன் பக்கத்து ஃபுல்பேக் அஷ்ரஃப் ஹக்கீமிக்குத் துணையாக இறங்கி ஓடியதை எல்லோரும் பார்த்தார்கள். முதலில் நேராகப் பேசிப் பார்க்க வேண்டும். ஒப்புக்கொண்டு ஓடினால் ஆட வைக்கலாம். இல்லையென்றால் கடைசி அரைமணி நேரத்துக்கு அவரை வைத்துக்கொள்ளலாம்.

ஸ்ட்ரைக்கரைத் தேர்வு செய்யும்போது, அவர் கிளப்பில் எத்தனை கோல் அடித்தார் என்பது எனக்கு இரண்டாம் பட்சம்தான். தொண்ணூறு நிமிடங்களில் அவருக்கு இரண்டு வாய்ப்புகள் வந்தாலே அதிகம். உயரமாக வரும் பந்தை முதுகில் ஒருவரைத் தாங்கியபடி நிறுத்தி, மற்றவர்கள் மேலே வரும் வரை மூன்று நொடிகள் காப்பாற்றித் தருபவரா என்பதே அவரிடம் பார்க்க வேண்டியது. அந்த மூன்று நொடிகளில் தடுப்பு வரிசை பத்து மீட்டர் மேலே ஏறி மூச்சு விடும். அவரால் ஃபவுல் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. அதன் பயன் என்ன என்பதைக் கீழே சொல்கிறேன்.

காயத்திலிருந்து முழுமையாகக் குணமடையாத நட்சத்திரத்தைக் களமிறக்கும் ஆசையையும், பழகிய அமைப்பைப் பெரிய ஆட்டத்துக்காக மாற்றும் ஆசையையும் அடக்கிக்கொள்ள வேண்டும். பிரான்ஸுக்கு எதிரான அரையிறுதியில் மொராக்கோ, அதுவரை தன்னைக் கொண்டுவந்த அமைப்பை விட்டு ஐந்து தடுப்பாட்டக்காரர்களுடன் ஆடத் திட்டமிட்டது. தடுப்பாட்டக்காரர் நயெஃப் அகெர்த் ஆட்டத்துக்கு முந்தைய தயாரிப்பிலேயே விலகினார். 5-ஆவது நிமிடத்தில் கோல் விழுந்தது. அணித்தலைவர் ரொமேன் சாய்ஸ் 21-ஆவது நிமிடத்தில் வெளியேறினார். அதன் பிறகு பழைய அமைப்புக்குத் திரும்பிய மொராக்கோ, அன்றைய உலகச் சாம்பியனான பிரான்ஸைப் பல கட்டங்களில் பின்னுக்குத் தள்ளியது. முன்னூறு பாஸ் குறைவாக ஆடும் அணியால்கூட ஈடுகொடுக்க முடியும். ஆனால் தொடக்கத்திலேயே ஒரு கோல் பின்தங்கி, ஒரு மாற்றையும் செலவழித்துவிட்ட அணிக்கு மீதி ஆட்டம் மிக நீளமாகிவிடும்.

நின்ற பந்து

கிடைக்கும் பயிற்சி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கார்னர், ஃப்ரீகிக், நீண்ட த்ரோ-இன் ஆகியவற்றுக்கு ஒதுக்குவது மிகையல்ல. ஓடும் ஆட்டத்தில் இரு அணிகளுக்கும் இடையே தெரியும் திறமை வேறுபாடு, பந்து நிற்கும் நேரத்தில் மிகவும் குறைந்துவிடுகிறது. 2004 யூரோ தொடரில் ஓட்டோ ரேஹாகலின் கிரீஸ், தோற்றால் வெளியேற வேண்டிய நாக்-அவுட் சுற்றின் மூன்று ஆட்டங்களையும் 1-0 என்றே வென்றது. மூன்று கோல்களும் தலையால் முட்டியவை, அரையிறுதியிலும் இறுதியிலும் விழுந்தவை கார்னரிலிருந்து வந்தவை.

2016-இல் நீஸ் நகரில் இங்கிலாந்து 4-ஆவது நிமிடத்தில் பெனால்ட்டியால் முன்னிலை பெற்றது. இரண்டே நிமிடங்களில் ஐஸ்லாந்தின் ஆரோன் குன்னார்சன் பக்கக்கோட்டிலிருந்து பெனால்ட்டி பகுதிக்குள் நீண்ட த்ரோ ஒன்றை எறிந்தார். காரி ஆர்னசன் அதைத் தலையால் பின்பக்கமாகத் தட்டிவிட, ஓடி வந்த ராக்னர் சிகுர்ட்சன் வலைக்குள் அடித்தார். பந்தைத் தொட்ட அந்த இருவரும் நடுத் தடுப்பாட்டக்காரர்கள். த்ரோ-இன்னில் நேரடியாகப் பந்தை வாங்குபவருக்கு ஆஃப்சைடு கிடையாது என்பதால் கோலுக்கு எவ்வளவு அருகிலும் ஆளை நிறுத்தலாம். முதலில் தட்டுபவர் யார், இரண்டாவது பந்துக்கு ஓடுபவர் யார், பந்து வெளியே வந்தால் எதிர்த்தாக்குதலைத் தடுக்கப் பின்னால் நிற்கும் இருவர் யார் என்பது பெயர் பெயராக எழுதப்பட்டிருக்க வேண்டும். தரமாகப் பந்தை அனுப்பக்கூடிய ஒரு கால் அணியில் இருந்தே ஆக வேண்டும். இரண்டு வீரர்கள் மற்ற எல்லாவற்றிலும் சமம் என்றால் நன்றாகக் கார்னர் எடுப்பவரையே எடுக்கலாம். ஸ்ட்ரைக்கர் வாங்கித் தரும் ஃபவுலின் பயனும் இங்கேதான்.

மாற்று வீரர்கள்

ஐந்து மாற்றுகளுக்கு அனுமதி வந்த பிறகு ஆட்டத்தை இரண்டு கட்டங்களாகவே திட்டமிடலாம். 2022-இல் ஜெர்மனிக்கு எதிராக ஒரு கோல் பின்தங்கியிருந்த ஜப்பானின் பயிற்சியாளர் ஹஜிமே மொரியாசு, இடைவேளையில் மூன்று நடுத் தடுப்பாட்டக்காரர்கள் கொண்ட அமைப்புக்கு மாறினார்; பிறகு தாக்குதல் வீரர்களை ஒவ்வொருவராக இறக்கினார். ரிட்சு டோவானும் டக்குமா அசானோவும் அடித்த கோல்களால் ஜப்பான் 2-1 என்று வென்றது. இருவரும் மாற்று வீரர்கள். முதல் அறுபது நிமிடங்கள் எதிரணியின் கால்களைக் களைப்படையச் செய்பவர்கள் ஒரு கூட்டம், களைத்த கால்களுக்கு எதிரே வேகமாக ஓடுபவர்கள் இன்னொரு கூட்டம் என்று பிரித்துக்கொண்டால், பெஞ்சில் உட்கார்வதை எந்த வீரரும் தண்டனையாக நினைக்க மாட்டார். இதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அதே ஜப்பான், ஸ்பெயினை 18 சதவீதத்துக்கும் குறைவான நேரமே பந்தை வைத்திருந்து வென்றது. இடையில் கோஸ்டா ரிக்காவிடம் 1-0 என்று தோற்றது. கோஸ்டா ரிக்கா பந்தை ஜப்பானிடம் விட்டுவிட்டுப் பின்னால் நின்றது. எந்தப் பிரிவிலும் நம்மைப் போன்றே இன்னொரு சிறிய அணி இருக்கும், அதற்கெதிராகப் பந்து நம் காலில் இருக்கும். பின்னால் நின்று தடுக்க மட்டுமே தெரிந்த இரண்டு நடுக்கள வீரர்களில் ஒருவரை அன்றைக்கு வெளியே வைத்து, பந்தை முன்னோக்கித் தரத் தெரிந்தவரைச் சேர்க்க வேண்டும். மொத்த அணியை அறிவிக்கும் நாளிலேயே அப்படி ஒருவருக்கு இடம் ஒதுக்கியிருந்தால்தான் இது முடியும்.

பெனால்ட்டிக்கான ஏற்பாடு

நாக்-அவுட் ஆட்டத்தைச் சமநிலையில் நீட்டிக்கத் தெரிந்த அணி, கடைசியில் வெற்றியைத் தீர்மானிக்கும் பெனால்ட்டிச் சுற்றைத் தற்செயலாக எண்ணக் கூடாது. 2022 ஜூனில் உலகக் கோப்பைத் தகுதிக்கான கடைசி ஆட்டத்தில் பெருவைச் சந்தித்த ஆஸ்திரேலியாவின் பயிற்சியாளர் கிரஹாம் அர்னால்ட், கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடங்களில் அணித்தலைவரும் கோல்கீப்பருமான மேட் ரையனை வெளியே எடுத்துவிட்டு ஆண்ட்ரூ ரெட்மெய்னை இறக்கினார். கோல் கோட்டில் கைகளை விரித்து ஆடியபடி நின்ற ரெட்மெய்ன் கடைசிப் பந்தைத் தடுத்தார். ஆஸ்திரேலியா கத்தாருக்குப் போனது. இத்தகைய முடிவைப் பயிற்சி முகாமிலேயே எடுத்து, வெளியே வரப்போகும் கோல்கீப்பரிடமும் சொல்லிவிட வேண்டும். அதைவிட எளிதாக மறந்துவிடக்கூடிய ஒன்றும் உண்டு: 70-ஆவது நிமிடத்துக்குப் பிறகு செய்யும் ஒவ்வொரு மாற்றிலும் நல்ல பெனால்ட்டி எடுப்பவர் ஒருவர் வெளியேறிவிடக்கூடும். ஆகவே ஐந்து பேர் கொண்ட பெனால்ட்டி பட்டியலை உதவிப் பயிற்சியாளர் ஒருவர் கையில் வைத்திருந்து, மாற்றுப் பலகையைத் தூக்குவதற்கு முன்பு அதிலிருக்கும் பெயர்களில் எத்தனை பேர் களத்தில் மீதமிருப்பார்கள் என்பதை ஒவ்வொரு முறையும் தலைமைப் பயிற்சியாளரிடம் சொல்ல வேண்டும்.